வலது குழாயில் மட்டும் கரி

அவருக்குப் பட்டாசு என்று பெயர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். திரி கிள்ளவே வேண்டாம், பக்கத்தில் நின்று தும்மினால் போதும். ஸ்பேனரை எடுத்த ஆணியில் மாட்டாவிட்டால் வெடிப்பார். பெட்ரோல் கேனை வெயிலில் வைத்தது யார் என்று வெடிப்பார், வைத்தது தான்தான் என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் வெடிப்பார். ஐந்தாவது நிமிடம் அவரே இரண்டு கிளாஸ் தேநீரோடு வந்து நிற்பார். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை யார் தாங்குவது? அதனால் அவரைச் சுற்றியிருந்தவர்கள் பல வருடங்களாகவே ஒரு பழக்கத்துக்கு வந்திருந்தார்கள். அவரிடம் எதையும் பாதியாகச் சொல்வது, முடிந்தால் சொல்லாமலே விட்டுவிடுவது. இதை யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. ஒரு கதவு கிறீச்சிடும் என்று தெரிந்தால் வீட்டில் எல்லாரும் அதைத் திறக்காமலே நடமாடப் பழகிக்கொள்வதில்லையா, அது போலத்தான்.

பதினேழு வயதில் லாரிப் பட்டறையில் கிரீஸ் டப்பா கழுவியவர், இருபத்தைந்தில் வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானங்களிடம் வந்து சேர்ந்தார், பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினார். இப்போது வயது ஐம்பத்தெட்டு. கடைசியாக அவர் கையில் இருந்தது ஒரே ஒரு விமானம். அதை விமானம் என்று சொல்ல முதல் தடவை பார்ப்பவர்கள் தயங்குவார்கள். ஓட்டுபவர் முன்னால், பயணி அவர் முதுகுக்குப் பின்னால், அவ்வளவுதான் இடம். மூக்கில் நாலு சிலிண்டர் எஞ்சின், இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் இரண்டு. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக ஒரு கார்ப்பரேட்டர், தனித்தனியாக ஒரு புகைக்குழாய். மலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சாலை வழியாகப் போனால் ஆறு மணி நேரம், இந்தக் குட்டி விமானத்தில் நாற்பது நிமிடம். காலையில் ஒரு நோயாளியைக் கொண்டுபோய் விட்டு முந்தைய நோயாளியை ஏற்றிக்கொண்டு வரும். பிற்பகலில் மருந்துப் பெட்டிகளுக்காக ஒரு நடை.

அதை ஓட்டியவன் அவருடைய அக்கா மகன். புருஷன் போன பிறகு அக்காவுக்கு அவன் ஒருவன்தான். அவன் விமானம் ஓட்டப் போகிறேன் என்றபோது அவள் மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் தம்பியைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள்.

“நீ கை வச்ச வண்டின்னா ஏறட்டும். வேற எவன் பாத்த வண்டியிலயும் என் பையன் ஏறக் கூடாது. இது உன் பொறுப்பு.”

அன்றிலிருந்து ஏழு வருடம். ஒவ்வொரு காலையும் லாக் புத்தகத்தில் ‘பறக்கத் தகுதி’ என்ற கட்டத்தில் அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பையன் ஏறுவான். அந்தக் கையெழுத்தை அவர் அக்காவுக்குத்தான் போட்டார் என்று சொன்னால் அது மிகையில்லை.

கரி விவகாரம் ஒரு செவ்வாய்க்கிழமை தொடங்கியது. காலை நடை முடிந்து எஞ்சின் ஆறியதும் வழக்கம்போல் மூக்கடியில் குனிந்தார். விமான மெக்கானிக் குழாயின் வாயைப் பார்ப்பது, வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்வது மாதிரி. உள்ளே எரிகிற நெருப்பு சரியாக எரிகிறதா என்பது அங்கே எழுதியிருக்கும். பெட்ரோல் கூடினால் கரி அப்பும், காற்று கூடினால் வெளுத்துப்போகும். அன்று வலது குழாயின் வாயில் விரலை விட்டுத் தடவினால் மை மாதிரி கரி. இடது குழாயில் ஒன்றுமே இல்லை, வெறும் சாம்பல் நிறம். அந்தச் சாம்பல் பக்கத்தில் இல்லாவிட்டால், எப்போதும் படிகிற கரிதானே என்று விட்டிருப்பார்.

ஒரே எஞ்சின், ஒரே பெட்ரோல், ஒரே பயணம். இரண்டு பக்கமும் இரண்டு விதமாக எரிகிறது என்றால் ஏதோ ஒன்று வலது பக்கத்துக்கு அளவுக்கு மேல் ஊற்றுகிறது.

இதெல்லாம் அவருக்குக் கைவந்த வேலை. வலது கார்ப்பரேட்டரைப் பிரித்தார். உள்ளே மிதவை பெட்ரோலைக் குடித்துக் கனத்துப்போயிருக்கும் என்று நினைத்து எடை போட்டார், சரியாக இருந்தது. சோக் கம்பி பாதியில் சிக்கியிருக்கும் என்று பார்த்தார், சிக்கவில்லை. காற்று வடிகட்டியை மாற்றினார். புதன்கிழமை காலை நடை முடிந்தது, பார்த்தார். வலது கறுப்பு, இடது சுத்தம்.

வியாழக்கிழமை இரண்டு கார்ப்பரேட்டரையும் கழற்றி, இடதை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் பூட்டினார். கோளாறு பொருளில் இருந்தால் பொருளோடு அதுவும் இடம் மாற வேண்டும். மாறவில்லை. இடது கார்ப்பரேட்டர் வலது பக்கம் வந்ததும் அதுவும் கரியைத் துப்பியது.

அங்கேதான் அவர் முதன்முதலாக ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

இன்னொரு விஷயம் மண்டையைக் குடைந்தது. தரையில் நிறுத்திக் கட்டைபோட்டு ஓட்டிப் பார்த்தால் இரண்டு குழாயும் அண்ணன் தம்பி மாதிரி ஒன்றாகவே கறுத்தன. பறந்துவிட்டு வந்தால்தான் பிரிந்துகொண்டன. அப்படியானால் கோளாறு மேலே போனால் மட்டும் வருகிற கோளாறு. மேலே போய்ப் பார்க்க அவருக்கு வழியில்லை. மேலே இருப்பவன் அக்கா மகன்.

மேனேஜரிடம் இரண்டு நாள் விமானத்தை நிறுத்தக் கேட்டார். மேனேஜர் ஒரு நல்ல மனிதர், அதாவது யார் என்ன சொன்னாலும் முதலில் தலையாட்டிவிட்டுப் பிறகு முடியாது என்பார்.

“பறக்குதுல்ல? சத்தம் நல்லா இருக்குல்ல? அப்புறம் எதுக்கு நிறுத்தணும்? வாரத்துக்கு ரெண்டு தடவை அந்தத் தையல்காரம்மா ரத்தம் சுத்தம் பண்ணப் போகணும். ஒரு நாள் தவறினா அவங்க கதை என்ன ஆகும், சொல்லுங்க.”

அவர் கைத்துணியை உதறிவிட்டு வெளியே வந்தார். வெடிக்கவும் முடியவில்லை. வெடிக்கக் கையில் காரணம் வேண்டும், காரணம்தான் கிடைக்கவில்லையே.

மிச்சமிருந்தது பிளக். குழாய் பொய் சொன்னாலும் பிளக் பொய் சொல்லாது என்று அவரே நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறார். சிலிண்டருக்குள்ளேயே உட்கார்ந்து நெருப்பைப் பற்றவைப்பது அது, உள்ளே நடப்பதை அதற்குத் தெரியாமல் நடத்த முடியாது. பிளக்குகளைக் கழற்றி மேசையில் வரிசையாக வைத்தார். இடதும் வலதும் ஒரே நிறம். பிஸ்கட் நிறம். ஒரு குறையும் இல்லாத, பாடப்புத்தகத்தில் படம் போடக்கூடிய எரிப்பு.

பிளக் நன்றாக எரிகிறது என்கிறது. குழாய் இல்லை என்கிறது. யாரை நம்புவது?

வேறொருவராக இருந்தால் பிளக்கை நம்பியிருப்பார். அவர் நம்பாததற்கு ஒரு காரணம் இருந்தது, அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. போன வருடம் ஒரு கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று அந்தக் கண்ணுக்குச் சுவர் வெள்ளையாகத் தெரிந்தது, இன்னொரு கண்ணுக்கு அதே சுவர் தேநீர் தெளித்த மாதிரி மங்கலாகத் தெரிந்தது. அடுத்த கண்ணையும் சீக்கிரம் செய்துவிடுங்கள் என்றார் டாக்டர். பார்க்கலாம் என்று வந்துவிட்டார். வருடாவருடம் லைசென்ஸுக்குக் கண் பரிசோதனை உண்டு. எதையாவது கிளறப்போய், கண் சரியில்லை என்று எழுதிவிட்டால்? அப்புறம் அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட வேறு எவனோ வருவான்.

இப்போது பிளக்கைக் கையில் எடுத்து ஒரு கண்ணை மூடினார். வெளிர் சாம்பல். மறு கண்ணை மூடினார். பழுப்பு. மாற்றி மாற்றி மூடினார். ஒரே பிளக் இரண்டு நிறம் காட்டியது. அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். முப்பது வருடமாக இந்த நிறத்தைப் பார்த்துத்தானே சோறு தின்றோம், அதுவே பொய்த்துப்போச்சே என்று முணுமுணுத்தார். குழாய் கறுப்பு என்பது அப்படியில்லை. அதை மேனேஜர் பார்க்கிறார், பையன் பார்க்கிறான், யார் கண்ணுக்கும் கறுப்பு கறுப்புதான். பிளக் ஒரே நிறம் என்பதைச் சொல்வது இவர் கண் மட்டும்.

கடைசியாக ஒரு முயற்சி செய்தார். பையனைக் கூப்பிட்டு இரண்டு பிளக்கை நீட்டினார்.

“மாப்ளே, நல்லா பாத்துச் சொல்லு. இதுல எது கறுப்பு?”

பையன் பிளக்கைப் பார்ப்பதற்கு முன்னால் மாமாவின் முகத்தைப் பார்த்தான். ஒரு வாரமாகத் தூங்காத முகம். எது கறுப்பு என்று கேட்கிறார், அப்படியென்றால் ஏதோ ஒன்று கறுப்பாக இருக்க வேண்டும்.

“வலது... வலது கொஞ்சம் கறுப்பா இருக்கற மாதிரிதான் இருக்கு மாமா.”

“நல்லாத் தெரியுதா?”

“தெரியுது மாமா.”

அவர் தலையை ஆட்டினார். தன் கண் போய்விட்டது என்று அந்த நிமிடம் தீர்மானமாயிற்று. பையனை அனுப்பிவிட்டு, கருவி அலமாரிக்குப் பின்னால் போய் முகத்தைத் துண்டால் அழுத்திக்கொண்டு நின்றார். அழுதாரா என்றால், அழுதார்.

முகத்தைத் துடைத்துவிட்டு வந்து செய்ய வேண்டியதைச் செய்தார். வலது கார்ப்பரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஊசியை ஒரு படி இறக்கினார். அதோடு நிற்கவில்லை, பெட்ரோல் வரும் துளையான ஜெட்டையும் ஒரு அளவு சின்னதாக மாற்றினார். வலது பக்கத்துக்குப் போகிற பெட்ரோல் குறைந்தது. எழுதிவைத்த அளவுக்குக் கீழே போகக் கூடாது என்று கையேட்டில் இருக்கிறது, அவருக்கும் தெரியும். ஆனால் கையேடு எழுதியவன் இந்தக் குழாயைப் பார்க்கவில்லையே என்று தனக்குத்தானே வாதாடிக்கொண்டார். வழி தெரியாதவனுக்கு எந்தச் சந்தும் தெருவாகத்தான் தெரியும்.

அன்று பிற்பகல் நடை முடிந்து விமானம் வந்து நின்றது. அவர் வலது சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டுக் குனிந்தார். வலது குழாய் சாம்பல் நிறம். சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனார். அதுவும் சாம்பல் நிறம். இரண்டும் ஒன்று. எட்டு நாளைக்குப் பிறகு இரண்டும் ஒன்று. அன்றைக்கு வீட்டில் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டார், டிவியில் செய்தி வாசிப்பவரை ஒரு தடவைகூடத் திட்டவில்லை.

அவர் மனைவியும் அதே ஓடுதளத்தில்தான் வேலை பார்த்தாள். நோயாளிகள் காத்திருக்கும் அறையைப் பெருக்குவது, இருக்கைத் துணி மாற்றுவது, விமானம் வந்து நின்றதும் கால்படியைக் கொண்டுபோய்ப் போடுவது, நோயாளியைக் கைபிடித்து இறக்குவது. கால்படி வைக்க இடது பக்கம் மட்டும்தான் வசதி. முப்பத்திரண்டு வருடம் பட்டாசோடு குடும்பம் நடத்தியவள், எதை எப்போது சொல்லக் கூடாது என்பதில் அவளுக்கு டாக்டர் பட்டமே கொடுக்கலாம்.

மறுநாள் காலை அவர் கையெழுத்துப் போட்டார். தையல்காரம்மா ஏறினாள். பையன் கையசைத்தான். விமானம் எழும்பி மலைப்பக்கம் திரும்பிப் புள்ளியாகி மறைந்தது. அவர் காத்திருப்பு அறைக்கு வந்து நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தார். மனைவி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு வாரம் உசிரை வாங்கிடுச்சு, தெரியுமா?” என்றார். “இப்பத்தான் ரெண்டு குழாயும் ஒழுங்கா இருக்கு. வலதுலயும் கரியே இல்ல.”

“அப்ப நல்லதாப் போச்சு,” என்றாள் அவள், வாளியில் துணியைப் பிழிந்தபடி. “இனிமே நான் துடைக்க வேண்டாம்ல?”

“எதை?”

அவள் கை நின்றது. சொல்லியிருக்கக் கூடாதோ என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

“எதைத் துடைக்கிற?”

“அந்தக் குழாயைத்தாங்க. கால்படிகிட்ட இருக்கறதை. போன வாரம் திங்கக்கிழமை ஒரு பேஷண்டோட மகன் வெள்ளைச் சட்டையில கரி பட்டுடுச்சுன்னு சத்தம் போட்டான். மேனேஜர் என்கிட்ட வந்து, உன் வீட்டுக்காரர் வண்டியைச் சுத்தமா வச்சுக்க மாட்டாரா, இன்னொரு தடவை புகார் வந்தா வேற ஆளைப் பாக்க வேண்டியிருக்கும்னு சொன்னார். உங்ககிட்ட சொன்னா நீங்க போய் அவர் சட்டையைப் பிடிப்பீங்க. அதான் வண்டி வந்து நின்னதும் குச்சியில ஈரத்துணியைச் சுத்தி உள்ளயும் வெளியயும் ஒரு துடை துடைச்சிட்டு அப்புறம் கால்படியைப் போடுவேன். அந்தப் பக்கத்துக் குழாய்கிட்ட யாரும் போறதில்லையே.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு சிரிப்பு வந்தது, நெஞ்சுக்குள்ளிருந்து பெரிய மூச்சோடு வந்தது. எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் எரிந்திருக்கிறது, ஒரே மாதிரிதான் கறுத்திருக்கிறது. பிளக் சொன்னது உண்மை. தன் கண் பார்த்தது உண்மை. கண் போகவில்லை.

அந்தச் சிரிப்பு வாயை விட்டு இறங்குவதற்குள் அவருக்கு நேற்று இறக்கிய ஊசி ஞாபகம் வந்தது.

எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை என்றால், நேற்று அவர் வலது பக்கத்தில் என்ன செய்தார்? துடைத்துவைத்த குழாயைப் பார்த்து, அதைப் போலவே துடைக்காத குழாயும் வெளுக்கும்வரை பெட்ரோலைக் குறைத்திருக்கிறார். பெட்ரோல் இல்லாமல் எரிகிற சிலிண்டர் சூடேறும். நேற்றுப் பிற்பகல் பயணி இல்லாமல் போனதால் தாங்கிவிட்டது, மலையேறும்போது பாரத்தோடு இழுக்கிற சிலிண்டர் இன்னும் சூடேறும். சூட்டைக் காட்டும் முள் ஒன்றே ஒன்று இருந்தது. அது இடது சிலிண்டரோடு இணைக்கப்பட்டிருந்தது.

அவர் அப்படி எழுந்து ஓடி மனைவி அதற்கு முன் பார்த்ததில்லை. செருப்பு ஒன்று வாசலிலேயே கிடந்தது. மேனேஜர் அறையில் ரேடியோ இருந்தது. மேனேஜர் என்ன என்ன என்று எழுந்தார், அவரைத் தோளால் தள்ளிவிட்டு மைக்கை எடுத்தார்.

“மாப்ளே. நான் பேசறது கேக்குதா?”

கரகரவென்று சத்தம். பிறகு பையனின் குரல், சாவகாசமாக.

“கேக்குது மாமா. சொல்லுங்க.”

“எங்க இருக்க?”

“பாறைக்கு மேல ஏறிக்கிட்டிருக்கேன். பதினாலு நிமிஷம் ஆச்சு.”

“ஏறாதே. பவரைக் குறை. மெதுவாத் திரும்பி வா.”

“என்ன மாமா? எஞ்சின் அருமையா இழுக்குது. முள்ளு நடுவுலதான் நிக்குது. தையல்காரம்மா வேற இருக்காங்க, அவங்களுக்கு நேரத்துக்குப் போகணும்.”

“முள்ளை நம்பாதே. அது இடது பக்கத்து முள்ளு. வலது பக்கம் எரிஞ்சுக்கிட்டிருக்கு.”

“எப்படி மாமா? நீங்கதானே நேத்து சரி பண்ணீங்க.”

மேனேஜர் கேட்டுக்கொண்டு நின்றார். வாசலில் மனைவி நின்றாள், கையில் இன்னும் அந்த ஈரத்துணி. முப்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து வராத ஒரு வாக்கியம் அன்று வந்தது.

“நான் சரி பண்ணலடா. நான் தப்புப் பண்ணிட்டேன். நல்லா இருந்ததைக் கெடுத்துட்டேன். திரும்பி வந்துடு.”

மறுபடி கரகரப்பு. பிறகு, “திரும்பறேன் மாமா,” என்றான். குரலில் சாவகாசம் போயிருந்தது.

ஓட்டுபவனிடம் அடிக்கடி பேசினால் அவன் கவனம் சிதறும் என்பதால் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். திரும்பி வரும் வழியெல்லாம் கீழே பாறையும் காடும்தான், எஞ்சின் நின்றால் இறங்க ஒரு வயல்கூடக் கிடையாது. இது அவருக்கு நன்றாகத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது. அவள் இந்நேரம் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள். கடவுளே, என் கண்ணை வேண்டுமானால் எடுத்துக்கொள், இரண்டையும் எடுத்துக்கொள் என்று மனசுக்குள் பேரம் பேசினார். கடவுளிடம் பேரம் பேசுகிறவர்களை அதுவரை அவர் கிண்டல் செய்துதான் பழக்கம்.

ஒன்பதாவது நிமிடம் ரேடியோ கரகரத்தது.

“மாமா, வெடிக்குது. வலது பக்கம் டப்டப்னு வெடிக்குது. ஆடுது.”

“இன்னும் குறை. ஓட வேண்டாம், மிதந்து வா. உயரத்தை மட்டும் விட்டுடாதே.”

“குறைச்சா இறங்குது மாமா.”

“இறங்கட்டும். கொஞ்சம் கொஞ்சமா இறங்கு. ஓடுதளம் தெரியுதா?”

“இல்ல.”

அந்த ‘இல்ல’ என்ற ஒற்றைச் சொல்லோடு அவர் எத்தனை நேரம் நின்றார் என்று அவருக்கே தெரியாது. மேனேஜர் சொன்னார், மூன்று நிமிடம்தானாம். பிறகு, “தெரியுது,” என்று வந்தது.

எல்லாரும் வெளியே ஓடினார்கள். முதலில் சத்தம்தான் வந்தது, விட்டு விட்டு இருமுகிற சத்தம். அப்புறம் மரங்களின் தலைக்கு மேல், தொட்டுவிடும் உயரத்தில், விமானம். வேலியைத் தாண்டும்போது எஞ்சின் முழுசாக நின்றுபோனது. சத்தமில்லாமல் வந்து, ஓடுதளத்தின் முனையில் தொப்பென்று விழுந்து, ஒரு குதி குதித்து, உருண்டு, நின்றது.

தையல்காரம்மாவை மனைவிதான் இறக்கினாள். அந்த அம்மாள் வெளிறிப்போய் இருந்தாள், ஆனால் கேட்டது ஒன்றே ஒன்றுதான், கார் கிடைக்குமா, சாயங்காலத்துக்குள் போய்ச் சேர முடியுமா. மேனேஜர் தன் சொந்தக் காரிலேயே அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். தலையாட்டவும் இல்லை, முடியாது என்று சொல்லவும் இல்லை.

அவர் எஞ்சின் ஆறும்வரை பொறுக்கவில்லை. கையைச் சுட்டுக்கொண்டே வலது பிளக்கைக் கழற்றினார். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. முனைக்கம்பியில் பாதி உருகிப்போயிருந்தது. அதைப் பார்க்க எந்தக் கண்ணும் போதும்.

பையன் விமானத்தின் நிழலில் தரையில் உட்கார்ந்திருந்தான். மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் பாதியைக் குடித்துவிட்டு மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டான். அவர் பிளக்கை அவன் முன்னால் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னார். துணி, சட்டை, ஊசி, ஜெட், தன் கண்ணின் கதை, ஒன்றையும் விடாமல்.

பையன் பிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலை நிமிராமல் சொன்னான்.

“அன்னிக்கு எது கறுப்புன்னு கேட்டீங்கள்ல மாமா. எனக்கு வித்தியாசமே தெரியல. ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. ஒண்ணாத்தான் இருக்குன்னு சொன்னா நீங்க வெடிப்பீங்களோன்னு... உங்க முகத்தைப் பாத்துட்டு வலதுன்னு சொல்லிட்டேன்.”

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு பேரும் அவர் வெடிப்பதற்காகக் காத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் தாங்கிக்கொண்டால் போதும், அப்புறம் தேநீர் வரும்.

அவர் வெடிக்கவில்லை. அவர்களுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். இவள் புருஷன் வேலையைக் காப்பாற்றுவதற்காக மறைத்தாள். இவன் மாமா மனசு நோகக் கூடாது என்று மறைத்தான். நாமும் கண் விஷயத்தை மறைத்தோம், எல்லாரையும் காப்பாற்றத்தான். மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த பாசத்தில் ஒரு பிள்ளையையும் ஒரு நோயாளியையும் பாறைமேல் கொண்டுபோய்ப் போடப் பார்த்தோம். இதில் யாரைத் திட்டுவது? முதல் ஆள் தான்தான். இந்த வீட்டில் உண்மை சொல்வதற்கு இத்தனை பயத்தை வளர்த்தது வேறு யாரும் இல்லை.

“நான் அவ்வளவு மோசமானவனா?” என்று கேட்டார். மனைவி முந்தானையைச் சரிசெய்தாள், பையன் பிளக்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

எழுந்து மேனேஜர் அறைக்குப் போய் லாக் புத்தகத்தை எடுத்தார். எஞ்சின் பழுது, வலது பக்கம் முழுதும் பிரித்துப் பார்க்க வேண்டும், பறக்கத் தகுதி இல்லை என்று எழுதினார். காரணம் என்ற கட்டத்தில், கையேட்டு அளவை மீறிப் பெட்ரோலைக் குறைத்தது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே, கண் பரிசோதனை முடியும்வரை என் கையெழுத்து செல்லாது என்றும் எழுதினார்.

பையனும் மனைவியும் பின்னாலேயே வந்து நின்றார்கள்.

“மாமா, அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க. தாங்க மாட்டாங்க. ஒண்ணும் ஆகலையே, விட்டுடலாம்.”

“ஆமாங்க,” என்றாள் மனைவி. “அண்ணிக்கு எதுக்கு இப்ப?”

அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேனேஜரின் மேசையில் இருந்த போனை இழுத்து, எண்ணை அழுத்தினார்.

“ரெண்டு பேரும் இங்கயே உக்காருங்க. நான் எங்கயாவது மழுப்பினா பக்கத்துல இருந்து திருத்தணும்.”

மறுமுனையில் அக்கா எடுத்தாள். துணி உதறிக்கொண்டே எடுத்திருப்பாள் போல, மூச்சு வாங்கியது.

“அக்கா, நான்தான். பையன் நல்லா இருக்கான், என் பக்கத்துலதான் உக்காந்திருக்கான். நீயும் உக்காரு. உன் பையனை இன்னிக்கு நான் கொல்லப் பாத்தேன்.”

அங்கே ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவர் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.